குடும்பத்தில் வேறு யாருக்கேனும்?

அத்தியாயம் 14

ராஜேஸ்வரிக்குப் பொய் சொல்ல வராது என்று முதல் வாரமே எழுதியிருந்தேன். அந்த வரியை இன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை, கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது போனில் அவள் சொன்னது சுத்தமான பொய்.

“ஒண்ணுமில்ல அத்தான். பிள்ள தல வலிக்குன்னு சொல்லுதா. கண்ணாடி போடணுமான்னு காட்டிட்டு வந்திருதோம்.”

“கண்ணாடி மட்டுந்தான?” என்றார் மறுமுனையில் குமரகுருபரன்.

“வேற என்ன அத்தான்?”

“வேற எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட்டுராத ராஜி. தையில கோமதிக்குக் கல்யாணம். தென்காசிக்காரங்க ஒவ்வொண்ணா விசாரிக்காவ. நம்ம வீட்டுப் பிள்ள பேரு ஊனமுற்றோர் லிஸ்ட்ல ஏறிச்சுன்னா, என் மகள யாரு கட்டுவா?”

குமரகுருபரன் அவள் கணவனின் அண்ணன். இரும்புக் கடைக்காரர். ராஜேஸ்வரியின் கணவன், பள்ளிக்கூட வாத்தியார் திருஞானசம்பந்தம், ஆற்றோடு போய்ப் பதினோரு வருஷமாகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நல்லது கெட்டது பார்க்கிறவர் அவர்தான். மாசாமாசம் அரிசி மூட்டை வந்துவிடும். கூடவே புத்திமதியும் வந்துவிடும். அரிசியைச் சமைத்துத் தின்றுவிடலாம், புத்திமதியை என்ன செய்ய?

போன வாரம் விட்ட இடம் உங்களுக்கு நினைவிருக்கும். மகள் உலகம்மை, பாளையங்கோட்டையில் பி.எஸ்.சி. கணக்கு இரண்டாம் வருஷம். ஏப்ரல் பரீட்சையன்று மழை பெய்து ஹாலில் கரண்ட் போனது. மற்றப் பிள்ளைகள் ஜன்னல் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். உலகம்மை எழுதின விடைக்கு மேலேயே அடுத்த விடையையும் எழுதிவிட்டாள். திருத்துகிறவர் அதற்கு என்ன மார்க் போடுவார், பாவம். அந்தப் பேப்பர் போயிற்று.

அந்தத் தாளை எடுத்துப் பார்த்த மெர்வின் சார்தான், இது கவனக்குறைவு இல்லை, கண் என்று கண்டுபிடித்தார். கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பொறுப்பு அவரிடம் இருக்கிறது. மருத்துவக் குழுவின் சான்றிதழ் வந்தால் பரீட்சையில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இருபது நிமிஷம் கூடுதல், வெளிச்சமான தனி அறை, தேவைப்பட்டால் சொல்லச் சொல்ல எழுத ஆள். குழு, அதாவது மெடிக்கல் போர்டு, புதன்கிழமை உட்காரும். வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரிக்குத் தாள் வந்தாக வேண்டும். சான்றிதழுக்கான விண்ணப்பத்தை ராஜேஸ்வரி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்ததோடு நாம் பிரிந்தோம்.

ஒளித்ததை எடுத்தது உலகம்மை. ரயிலில் உட்கார்ந்ததும் பையிலிருந்து அதை உருவினாள்.

“பெரியப்பாகிட்ட ஏம்மா பொய் சொன்ன?”

“நெசத்தச் சொன்னா ரயில் ஏற விட்டிருப்பாவளா? இன்னைக்கு டெஸ்ட் மட்டும் பாப்போம். நாளைக்குப் போர்டுக்குப் போறதப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்.”

“அப்புறம்னா எப்பம்மா? நவம்பர்ல பரீட்ச.”

“ஏட்டி, சான்றிதழ்னா அது உங்கூடவே வரும். பொண்ணு பாக்க வந்தாலும் வரும்.”

“எனக்குக் கண்ணு தெரியாததும் எங்கூடத்தானம்மா வருது.”

ராஜேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

*

திருநெல்வேலியில் அந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. மெர்வின் சார் எழுதிக்கொடுத்திருந்த இடம் அது. இங்கே எடுக்கிற பரிசோதனை ரிப்போர்ட்டைத்தான் நாளைக்கு அரசு ஆஸ்பத்திரியில் குழுவிடம் காட்ட வேண்டும்.

பதிவு செய்கிற இடத்தில் வன்னியராஜ் என்று பேர் அட்டை குத்திய இளைஞன் இருந்தான். பேர், வயது, கதவு எண், தெரு என்று கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினான். தட்டிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

“இதே விலாசத்துல ஏற்கெனவே ஒரு அட்டை இருக்கேம்மா.”

“எங்க வீட்டுல யாரும் இங்க வந்ததில்லயே.”

“திருஞானசம்பந்தம். வயசு முப்பத்தொம்பது. உங்க வீட்டுக்காரரா?”

 பதினோரு வருஷமாக அந்தப் பேரை அவளிடம் யாரும் உரக்கச் சொன்னதில்லை. ஊரில் ‘அவன்’ என்பார்கள், ‘உலகு அப்பா’ என்பார்கள். செத்துப்போன மனுஷன் இந்தக் கம்ப்யூட்டருக்குள் முப்பத்தொன்பது வயசோடு உட்கார்ந்திருக்கிறார்.

“வேற யாராவது இருக்கும் தம்பி. அவுக கண் ஆஸ்பத்திரிக்கெல்லாம் போனதே கெடையாது.”

“விலாசம் அச்சா இதேதான். பழைய ஃபைல் மாடில கெடக்கும். தேடச் சொல்லுதேன், நீங்க டெஸ்டுக்குப் போங்க.”

அவள் நகர்ந்தாள். கால்தான் நகர்ந்தது.

அவளுக்கு வருஷத்தில் ஒரு தேதி உண்டு. நவம்பர் நாலு. இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அது தீபாவளி கழிந்த இரண்டாம் நாள். அதற்கு முந்தின நாள் சாயந்தரம், எட்டு வயசு உலகம்மைக்குக் காய்ச்சல் தணலாகக் கொதித்தது. மருந்து வாங்கி வரச் சொன்னாள். திருஞானசம்பந்தம் போகவில்லை. வாசலில் நின்று இருட்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். அவளே மழையில் நனைந்துகொண்டு போய் வாங்கி வந்தாள்.

மறுநாள் காலையில் அவர் சட்டை மாட்டும்போது சொன்னாள். “பிள்ளைக்கு ஒரு மருந்து வாங்கத் துப்பில்லாத ஆம்பள இருந்தா என்ன, போனா என்ன?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்று இருட்டின பிறகு படித்துறையில் அந்தச் செருப்பும் மடித்து வைத்த சட்டையும் இருந்தன. ஆளை மறுநாள்தான் எடுத்தார்கள்.

“நீ சொன்ன சொல்லுதான் என் தம்பியக் கொண்டுபோச்சு” என்றார் குமரகுருபரன், பிணத்தைக் கிடத்தியிருந்த இடத்திலேயே. அப்புறம் அவர் அதைத் திருப்பிச் சொன்னதில்லை. ஒருதரம் சொன்னது போதாதா? கருணை அடிப்படையில் அம்பாசமுத்திரத்தில் கிடைத்த கிளார்க் வேலைக்கு அவள் தினமும் பாலத்தைத் தாண்டித்தான் பஸ்ஸில் போகிறாள். பாலம் வந்ததும் குனிந்து மடியைப் பார்த்துக்கொள்வாள். ஆற்றை இன்றுவரை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

*

பரிசோதனை அறையை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். வாசலைத் தாண்டியதும் உலகம்மை நின்றுவிட்டாள். கையை நீட்டித் துழாவி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜேஸ்வரி திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள். அம்பாசமுத்திரத்தில் பகல் காட்சிக்குச் சினிமாக் கொட்டகைக்குள் நுழைகிறபோது இன்னொரு கை இதே தோளை இப்படித்தான் பிடிக்கும். புதுப் பெண்டாட்டி மேல் ஆசை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்த மாதிரி ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்க வேண்டும். அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும். தெரிந்தால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும்.

ராஜேஸ்வரி பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு பொட்டு. மகள் அமுக்கினாள். இடது ஓரத்தில் ஒன்று. அமுக்கவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, வலது ஓரத்தில் மறுபடி ஒன்று. அமுக்கவே இல்லை.

“அமுக்கு உலகு” என்றாள் தன்னையறியாமல்.

“எதும்மா? ஒண்ணும் வரலயே.”

பரிசோதிக்கிற பெண் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். ராஜேஸ்வரி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். இன்னும் பத்து நிமிஷம் அது நடந்தது. வெளிச்சம் வந்து வந்து போயிற்று. தெருவில் உலகம்மையைப் பார்க்கிற பெண்களெல்லாம் சொல்வார்கள்: என்ன அடக்கம், குனிந்த தலை நிமிராமல் நடக்கிறாள், இருட்டுமுன்னே வீட்டுக்கு வந்துவிடுகிறாள், தகப்பன் இல்லாமல் வளர்த்தாலும் ராஜி பிள்ளையை வளர்த்த விதமே தனி. அந்தப் பாராட்டையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டவள்தானே இவள்.

*

டாக்டர் ஜாய்சி சின்ன வயசுக்காரி. தூத்துக்குடிப் பக்கம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்து, ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமா பழுதாகிக்கிட்டு வருது. நேரா இருக்கிறது நல்லாத் தெரியும். பக்கத்துல, கீழ இருக்கிறது தெரியாது. வெளிச்சம் குறைஞ்சா சுத்தமா தெரியாது. இத இப்போதைக்கு நிறுத்த மருந்து இல்ல.”

“குருடாயிருவேனா டாக்டர்?” என்று கேட்டாள் உலகம்மை. குரல் நடுங்கவில்லை. இந்தக் கேள்வியை அவள் தனியாக எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

“பல வருஷம் நடுப்பார்வை இருக்கும். இன்னைக்குத் தேதிக்கு நீ படிக்கலாம், வேலைக்குப் போகலாம். உனக்கு வேண்டியது நேரமும் வெளிச்சமும். இந்த அளவுக்குச் சான்றிதழ் கிடைக்கும்னுதான் நினைக்கிறேன். சதவீதத்த நாளைக்குப் போர்டுல முடிவு பண்ணுவாங்க.”

டாக்டர் படிவத்தை முன்னால் இழுத்துக்கொண்டாள். “இது பரம்பரையா வரலாம். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா?”

“எங்க வீட்டுல யாரும் கண்ணாடி கூடப் போட்டதில்ல டாக்டர்.”

“கண்ணாடியில சரியாகிற நோய் இல்லம்மா இது. இவங்க அப்பா ராத்திரி வண்டி ஓட்டுவாங்களா?”

“வண்டியா? விளக்கு வச்சப்புறம் அவுக வாசலத் தாண்டவே மாட்டாவ. எங்க வீட்டு ஆம்பளைங்க யாருமே தாண்ட மாட்டாவ. அது விரதம்.”

டாக்டர் நிமிர்ந்தாள். “யாருமேன்னா?”

அந்தக் குடும்பத்துக்குக் கல்லிடைக்குறிச்சியில் ‘விளக்கு வச்ச வீடு’ என்று பேர். சாயந்தரம் விளக்கேற்றிவிட்டால் ஆண்கள் வெளியே போவதில்லை. பொழுதிருக்கும்போதே சாப்பாடு முடிந்துவிடும். அப்புறம் பூஜை அறையில் தேவாரம். ஊரில் மற்ற சைவ வேளாளர்களெல்லாம் இவர்களைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள். பெண் கொடுத்தவர்கள் பெருமைப்பட்டுத்தான் கொடுத்தார்கள். ராஜேஸ்வரியின் அப்பாவும் அப்படித்தான் கொடுத்தார். கெட்ட பழக்கம் ஒன்று கிடையாது, இருட்டினால் வீட்டில் இருக்கிற மாப்பிள்ளை வேறு எங்கே கிடைப்பான்?

“மாமனாரு” என்று விரல் மடக்கினாள் ராஜேஸ்வரி. “அவுக அப்பா. அப்புறம் இவுக. பெரியத்தான்...”

மூன்றாவது விரலில் அவள் சொல்வது அவளுக்கே கேட்டது. நாலாவது விரல் பாதியில் நின்றது.

“உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா இறந்தாங்க?”

“ஆத்துல.”

“எந்த நேரம்?”

“விளக்கு வைக்கிற நேரம்.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டாள். 

“தெரியாமக் கால் வச்சிருப்பாங்கம்மா” என்றாள் மெதுவாக. “இந்த நோய்க்காரங்களுக்கு அந்த நேரத்துல படி இருக்கிறதும் தெரியாது, படி முடிஞ்சதும் தெரியாது.”

ராஜேஸ்வரி அழுதாள். டாக்டர் முன்னால், வாசலில் நின்ற நோயாளிகள் முன்னால், வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதாள். பதினோரு வருஷமாக ஒவ்வொரு சாயந்தரமும் விளக்கைக் கையில் எடுக்கிறபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும் அவளுக்கு. இருந்தா என்ன, போனா என்ன என்று அவளே தன் காதுக்குள் சொல்லிக்கொள்வாள். அவர் போகவில்லை. அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

உலகம்மைக்குச் சொட்டு மருந்தில் கண் கூசியது. கண்ணை மூடிக்கொண்டே அம்மாவின் முதுகைத் தடவினாள். “எட்டாம் கிளாஸ் படிக்கும்போது ஒருத்தி சொன்னா, ‘உங்கப்பா ஆத்துல குதிச்சாரு’ன்னு. உங்கிட்டக் கேக்கப் பயமா இருந்துச்சும்மா. அதான் கேக்கல.”

*

கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் ராஜேஸ்வரிக்கு இன்றிரவு தூக்கமாவது வந்திருக்கும். ஆனால் வன்னியராஜ் சொன்ன வாக்குத் தவறாத பிள்ளை. மூன்று மணிக்கு மாடியிலிருந்து ஃபைலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

டாக்டர் முதலில் படித்தாள். படித்துவிட்டு, “உங்களுக்குத் தெரிய வேண்டியதுதான்” என்று அவளிடம் நீட்டினாள்.

ராஜேஸ்வரி பத்து வருஷத்துக்கு மேலாக அடுத்தவர் காகிதத்தைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். காகிதம் கைக்கு வந்தால் கண் முதலில் தேதிக்குப் போகும்.

நாலு, பதினொன்று, இரண்டாயிரத்துப் பதின்மூன்று.

அவர் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. இங்கே வந்திருக்கிறார். அவள் சொன்ன சொல்லைக் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருக்கிறார். ஏன் எனக்கு இருட்டில் தெரியவில்லை என்று அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் கேட்காத கேள்வியை இங்கே வந்து கேட்டிருக்கிறார்.

கடைசித் தாளில் ஆலோசகர் கையால் எழுதியிருந்தது, தமிழில்.

‘நோயின் தன்மை விளக்கப்பட்டது. மாலைக்குப் பின் தனியே நடக்க வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டது. மாற்றுத்திறனாளி சான்று பெறும் முறை கூறப்பட்டது. மகளை (வயது 8) பரிசோதனைக்கு அழைத்து வரும்படி சொல்லப்பட்டது. இன்றே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகக் கூறினார். உடன் வந்த அண்ணன் அதற்குச் சம்மதிக்கவில்லை.’

அதற்குக் கீழே ‘உடன் வந்தவர்’ என்ற கோட்டின் மேல் ஒரு கையெழுத்து. உலகம்மையின் பள்ளிக்கூடப் படிவங்களில், ரேஷன் கார்டில், கல்லூரிச் சேர்க்கையில் என்று எத்தனையோ இடத்தில் அவள் பார்த்த கையெழுத்து. ச. குமரகுருபரன்.

அன்றைக்குத் தென்காசிக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தேன், சேதி கேட்டு ஓடி வந்தேன் என்று சொன்ன மனுஷன் அவர்.

“என்னம்மா எழுதியிருக்கு?” என்றாள் உலகம்மை. “எனக்கு எழுத்து கலங்குது. வாசி.”

ராஜேஸ்வரி வாசித்தாள். மகளை அழைத்து வரும்படி என்கிற வரியில் நின்றாள். அப்புறம் அதையும் வாசித்தாள்.

 “அப்ப பெரியப்பாவுக்குத் தெரியும்” என்றாள் உலகம்மை. “பத்தாம் கிளாஸ்ல நான் படிக்கட்டுல விழுந்து கையொடிச்சுக்கிட்டப்போ, ‘பாத்து நடக்கத் தெரியாதா மூதேவி’ன்னு ஏசினாவல்லாம்மா. அப்பவும் தெரியும்.”

படிவம் மேஜை மேலேயே கிடந்தது. ராஜேஸ்வரி டாக்டரின் பேனாவை எடுத்தாள். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் என்ற இடத்தில், ஆபீசில் எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்தில், ‘தந்தைக்கு உண்டு. சான்று இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

“நாளைக்கு எத்தன மணிக்குப் போர்டு, டாக்டர்?”

*

ரயில் கல்லிடைக்குறிச்சிக்கு வந்தபோது ஆறே முக்கால். வானம் மூட்டமாக இருந்ததால் நன்றாகவே இருட்டியிருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு விளக்குதான் எரிந்தது.

அதற்கடியில் குமரகுருபரன் நின்றிருந்தார்.

விளக்கு வைத்த பிறகு வாசல் தாண்டாதவர். வெளியே ஆட்டோக்காரனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நாள் பூராவும் ராஜேஸ்வரி போனை எடுக்கவில்லை. கல்யாண வீட்டுக் கவலை எந்த விரதத்தையும் முறித்துவிடும் போலிருக்கிறது.

உலகம்மை அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரும் அவரை நோக்கி நடந்தார்கள். இரண்டடி இருக்கும்போது ராஜேஸ்வரி நின்றாள். பேசாதே என்று ஜாடையாக மகளின் கையை அமுக்கினாள்.

அவர் நேரே ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர்கள் நின்றார்கள்.

“ராஜி!” என்று ரயிலைப் பார்த்துக் கூப்பிட்டார். “ஏட்டி உலகு!”

ராஜேஸ்வரி மூச்சுக் காட்டவில்லை.

கூடையோடு ஒருவன் அவரைக் கடந்தான். “ஏ அண்ணாச்சி, ரெண்டு பொம்பளையாளு எறங்கினாவளா?” என்று கேட்டார்.

அவன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். “அந்தா, ஒங்க பக்கத்துலதான நிக்காவ.”

குமரகுருபரன் சட்டென்று இடது பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை.

“எத்தன வருஷமா, அத்தான்?” என்று கேட்டாள் ராஜேஸ்வரி.

குரல் வந்த பக்கம் அவர் திரும்பினார். முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. “என்ன வெளையாட்டு இது? போன எடுக்கக் கூடாதா? கண்ணாடிக்கு ஒரு நாள் பூராவா ஆகும்?”

“நவம்பர் நாலாந் தேதி நீங்க போட்ட கையெழுத்தப் பாத்துட்டு வாரேன்.”

 ரயில் கிளம்பிற்று. கடைசிப் பெட்டியும் போனபின் பிளாட்பாரத்தில் விழுந்த ரயில் வெளிச்சமும் போயிற்று. அவர் கையை நீட்டி விளக்குக் கம்பத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அறுபது வயசு மனுஷன் அப்படித் தேடியதைப் பார்க்க ராஜேஸ்வரிக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்க்கிற நாள் இது இல்லை என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

“நான் சொன்ன சொல்லுதான் அவுகளக் கொண்டுபோச்சுன்னு சொன்னிய. பதினோரு வருஷம் அத நான் சொமந்தேன். அன்னைக்கு நீங்க எங்க இருந்திய, அத்தான்?”

“பக்கத்துலதான் இருந்தேன்” என்றார்.

அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை.

“திரும்பி வரும்போது ரயில் லேட்டு. ஆஸ்பத்திரிக்குப் போன உடம்போட வீட்டுக்குள்ள போகப்படாது, ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போவோம்னு நான்தான் படித்துறைக்குக் கூட்டிட்டுப் போனேன். நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும்லா. சட்டைய மடிச்சு வச்சான். ராஜிகிட்டச் சொல்லத்தான் போறேன்னான். சொல்லாதலேன்னேன். பேசிக்கிட்டேதான் எறங்குனான். எனக்கு ஒண்ணும் தெரியல, ராஜி. சத்தம் மட்டுந்தான் கேட்டுது.”

“என்ன சத்தம்?”

“தண்ணிச் சத்தம். அப்புறம் அவன் சத்தம். அண்ணாச்சின்னு கூப்பிட்டான். ரெண்டு தரம்.”

ராஜேஸ்வரியின் கை மகளின் கையைத் தேடியது. அது அங்கே இல்லை. உலகம்மை தோளை விட்டுவிட்டு, சத்தத்தை வைத்து அவர் நிற்கிற இடத்தைக் கணக்குப் பண்ணி, அவருக்கு நேர் எதிரே போய் நின்றிருந்தாள்.

“நீங்க என்ன செஞ்சிய, பெரியப்பா?” என்று கேட்டாள்.